அலமாரிக்கு மேலே வெண்ணெய்

நான் வேலை பார்க்கும் அறைக்குள் கிருமி நுழைய அனுமதி இல்லை. எனக்கே பாதி அனுமதிதான். அறை நிறைய பிளாஸ்டிக் கூடாரங்கள், காற்று ஊதி உப்ப வைத்தவை. குமிழி என்போம். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் சில எலிகள். பிறந்ததிலிருந்து ஒரு கிருமியைக்கூட அறியாதவை. குமிழியின் சுவரில் தோள்வரை நீளும் இரண்டு ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். அவற்றுக்குள் கையை விட்டுத்தான் எலியைத் தூக்க வேண்டும், தீனி போட வேண்டும், கூண்டைத் துடைக்க வேண்டும். உடம்பு இந்த உலகத்தில், கைகள் மட்டும் வேறொரு உலகத்தில்.

காற்றாடி எந்நேரமும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலில் நின்றபடியே கனவு காண நான் பழகிவிட்டேன். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், மனசு மட்டும் உள்ளே போய் எலிகளோடு மரத்தூளில் புரண்டுகொண்டிருக்கும். "பூசணி, எலி ஓடுது பாரு!" என்று உடன் வேலை செய்பவள் கத்தினால்தான் திரும்பி வருவேன்.

பூசணி என்பது வீட்டில் வைத்த பெயர். வேலையிடம் வரை எப்படி உருண்டு வந்தது என்று தெரியவில்லை. என் தங்கையின் பெயர் ஈர்க்குச்சி. அவள் தையல்காரி, கீழே கடை, மாடியில் வீடு. சிறுவயதில் அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "நாடா பத்தலம்மா, ரெண்டு நாடாவை முடிச்சுப் போடு" என்று வீடே சிரிக்கச் சொல்வாள். தன் இடுப்பில் சுற்றினால் நாடா இரண்டு சுற்று வரும். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் இருவருக்கும் வாய்க்குப் போனது ஒன்றுதான். ஒரே சட்டிச் சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம். நான் மட்டும் ஊதினேன். தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைத்தது. அம்மாவுக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும்: பெரியவள் ஒளித்துத் தின்கிறாள்.

அதற்குச் சாட்சியும் இருந்தது. வெண்ணெய் டப்பாவைத் திறந்தால் உள்ளே விரலால் வழித்த தடம் இருக்கும்.

"யாருடி இது?"

"நான் இல்லம்மா."

"பின்ன, காத்து வந்து தின்னுச்சா? உன் உடம்பே சொல்லுதே!"

முதுகில் ஓர் அடி விழும். பிறகு டப்பா அலமாரிக்கு மேலே ஏறியது. அங்கேயும் தடம் விழுந்தது. எனக்கும் அடி விழுந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ? காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக விரல்களை முகர்ந்து பார்ப்பேன். சில நாள் வெண்ணெய் வாசனை அடிப்பது போலவே இருக்கும். அப்படித்தான் நான் என் தூக்கத்துக்குப் பயந்து வளர்ந்தேன்.

எலி அறைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அங்கே இரண்டு வகைத் தீனி. கொழுப்பு நிறைந்தது நீல நிறம். தவிடும் நாரும் சேர்ந்தது மஞ்சள். கிருமி இல்லாத எலிக்கு நீலத் தீனியை எவ்வளவு போட்டாலும் மொசுக்கு மொசுக்கென்று தின்றுவிட்டு ஒல்லியாகவே திரியும். ஒரு குண்டு எலியின் குடலில் இருந்த கிருமிகளை அதற்குக் கொடுத்துவிட்டு அதே நீலத் தீனியைப் போட்டால், கொஞ்ச நாளில் பந்தாகிவிடும். அதே கிருமியோடு மஞ்சள் தீனி போட்டால் அவ்வளவு ஊதாது. கொழுப்பு மட்டும் தனியாக வேலையை முடிப்பதில்லை, கிருமி மட்டும் தனியாக முடிப்பதில்லை. இரண்டும் கூட்டுச் சேர வேண்டும். முதல்முறை இதைக் கண்ணால் பார்த்த அன்று குமிழிக்கு முன்னால் நின்று அழுதேன். கை இரண்டும் உள்ளே மாட்டியிருந்ததால் மூக்கைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அப்போதும் வீட்டில் சொல்லவில்லை. எலியைக் காட்டி நியாயம் கேட்கிற வயதைத் தாண்டியிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஈர்க்குச்சிக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டாள். பல் ஆறியது, வயிறு கெட்டது. வயிற்றில் ஒரு பொல்லாத கிருமி தலைதூக்கிவிட்டது என்றார்கள். அதற்கு வேறு மருந்து. குணமாகும், மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கொஞ்சம் தேய்ந்துபோய் எழுந்தாள். பிறகு எழவே இல்லை. அவள் தைத்துப் போட்டிருந்த சட்டை அவள்மேல் தொங்கியது. அளவு நாடாவைச் சுற்றிப் பார்க்கிற ஆசைகூட அவளுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்த அன்றுதான் நான் நிஜமாகப் பயந்தேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பேருந்து ஓட்டுகிற தங்கை மாப்பிள்ளைக்கு வேலை நேரம் தாறுமாறு, அவர்களோடு இருக்கும் அம்மாவுக்கு முட்டிவலி. ஆகவே நோயாளி என் கையில். கையில் என்ன, கையுறையில். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் நான் செய்தேன். சுவரிலிருந்து சுவர்வரை மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினேன். சாப்பாட்டைக் குக்கரில் வைத்துச் சாப்பாடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு வேகவைத்தேன். முகமூடி, கையுறை இல்லாமல் அவள் பக்கத்தில் போகவே மாட்டேன். அம்மாவை வாசலோடு நிறுத்திவிட்டேன்.

பிளாஸ்டிக் வழியாக வந்த வெயில் அந்த அறையில் பால் மாதிரி மங்கிக் கிடக்கும். அதற்குள் அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் காற்றாடியின் முனகல் கேட்கத் தொடங்கும். கட்டில் மெல்ல உப்பிக் குமிழியாகும். நான் வெளியே நின்று நீண்ட கைகளால் என் தங்கையின் தலையைக் கோதிக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பிடித்தே இருந்தது. இவளை இனி எதுவும் தொடாது என்று ஒரு நிம்மதி.

வயிற்று டாக்டரம்மா ஒருநாள் வீட்டுக்கே வந்தார். அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

சொன்னேன்.

"அதான் பார்த்தேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, பாத்ரூமைத் தேய்ச்சுக் கழுவுங்க. அது வேணும். மத்ததையெல்லாம் பிரிச்சுப் போடுங்க. உங்க தங்கச்சி எலி இல்லம்மா. கிருமி அதிகமாகி அவங்க படுக்கல. நல்ல கிருமியெல்லாம் செத்துப்போய், காலியான இடத்துல ஒரே ஒரு ரவுடி உட்கார்ந்திருக்கான். ஊர் திரும்ப நிறைஞ்சாத்தான் அவன் அடங்குவான். நீங்க ஊரை இன்னும் காலி பண்ணிட்டு இருக்கீங்க!"

ஊர் சிரிக்கிற முட்டாள்தனம். எலி அறையில் வேலை பார்க்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது. முகமூடிக்குள் முகம் எரிந்தது.

ஊரை நிறைக்க வழி ஒன்று இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்தம் செய்து, அதிலிருக்கும் கிருமிகளைக் குழாய் வழியாக இவள் குடலுக்குள் விடுவது. அம்மா "சீ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார், இரத்தம் கேட்டது போல. அவரைச் சோதித்தார்கள். அவரை ஒன்றும் செய்யாத, ஆனால் இவளைக் கொன்றுவிடக்கூடிய ஒரு கிருமி அவரிடம் இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. என்னைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். வாழ்க்கையில் நான் முதல் மார்க் வாங்கிய ஒரே பரீட்சை அதுதான்.

"எடைதான் யோசிக்க வைக்குது," என்றார் டாக்டரம்மா. "ஒல்லியா வேற ஆள் தேடலாம். நாள் ஆகும். அவங்க தாங்குவாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியல. உங்களுடையதைக் குடுத்தா எடையும் கூட வருமான்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அவங்ககிட்ட மறைக்கக் கூடாது. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்," என்றேன்.

அறைக்கு வெளியே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுவும் வராதுன்னு சொல்லிடுடி. அவ ஒத்துக்க மாட்டா. செத்தாலும் சாவா, குண்டாக மாட்டா. உனக்குத் தெரியாதா அவளை?" மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் அதையேதான் கெஞ்சியது.

எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போய்விடுவாள். ஒரே ஒரு பொய், அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு வராது. அந்தப் பூசணிக்காயே நான்தானே. தவிர, நான் சொன்ன உண்மையை யாருமே நம்பாத வீட்டில், எல்லாரும் நம்பப்போகும் முதல் வார்த்தை பொய்யாக இருக்க வேண்டுமா? அதை நினைத்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஜன்னல் பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் கிழித்தேன். வெயில் சடாரென்று உள்ளே விழுந்தது. ஈர்க்குச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கையுறையைக் கழட்டு," என்றாள். "உன் கையைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். எலும்பு எலும்பாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது.

"உன் பூசணித்தனமும் கூடவே வருமா?"

"வரலாம்."

வெளியே அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எலிக்கு நடக்கிறதெல்லாம் மனுசனுக்கு அப்படியே நடக்கும்னு இல்ல," என்றேன். "ஆனா என் எலிங்களுக்கு நடக்குது. குண்டு எலியோட கிருமியும் கொழுப்புத் தீனியும் சேர்ந்தா ஊதும். ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லேன்னா அவ்வளவு ஊதாது. நீ பயறு, கீரைன்னு சாப்பிட்டு வெண்ணெயைக் குறைச்சா தப்பிக்கலாம். தப்பிக்காமலும் போகலாம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவள் உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கேட்டாள்: "கிருமி சேராத எலி?"

"அதுக்கென்ன?"

"அது கொழுப்பு தின்னா?"

"எவ்வளவு தின்னாலும் ஒட்டாது. டப்பா டப்பாவாத் தின்னாலும் ஒல்லியாத்தான் திரியும். பார்க்கிறவங்க அது ஒண்ணுமே திங்கலன்னு சொல்லுவாங்க."

ஈர்க்குச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அருவருப்பில் அழுகிறாள் என்றே எனக்குப் பட்டது. என் உடம்பு இவளுக்கு அவ்வளவு கேவலமா?

"குழாயைப் போடச் சொல்லு," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "உன்னுடையதே போதும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூடி வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தேன். அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவளுக்கு நான் எத்தனையோ பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்; எதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பாள். இதில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று அவளை உள்ளே கொண்டுபோன பிறகு என்னால் வெளியே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எலி அறைக்குப் போய்விட்டேன். கைகளைக் குமிழிக்குள் விட்டு நின்றேன். காற்றாடி முனகியது. கொஞ்ச நேரத்தில் மரத்தூள் தெருவாயிற்று. வெள்ளம் வடிந்த ஊர் அது. வீடுகள் திறந்து கிடந்தன, அடுப்புகள் அணைந்து கிடந்தன. தெரு முனையில் ஒரு ரவுடி திண்டு போட்டு உட்கார்ந்திருந்தான். அப்போது மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் வந்தது. எல்லாருக்கும் என் சாயல், எல்லாரும் சின்னச் சின்னக் குண்டு. இது என் வீடு, அது உன் வீடு என்று சண்டை போட்டபடி ஆளுக்கொரு வீட்டுக்குள் புகுந்தார்கள். ரவுடி உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றியும் கூட்டம். அவன் நகர்ந்து நகர்ந்து சந்துக்குள் ஒதுங்கினான். முதல் அடுப்பு புகைந்தது. பிறகு மழை பெய்தது, மஞ்சளாக, வழவழவென்று. என் ஆட்கள் மகா சிக்கனக்காரர்கள். ஒரு துளியைக் கீழே விடாமல் பானை பானையாகப் பிடித்து அடுக்கினார்கள். போதும் போதும், அவளுக்குப் பிடிக்காது என்று நான் கத்தினேன். அவர்கள் காதில் விழவே இல்லை.

"பூசணி! எலியை நசுக்கிடாத!" என்று உடன் வேலை செய்பவள் உலுக்கினாள். "உன் தங்கச்சி மாப்பிள்ளை போன் பண்ணாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்."

ரவுடி அடங்கினான். நோய் திரும்பவில்லை. ஈர்க்குச்சி எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், கடையைத் திறந்தாள். வாடிக்கைக்காரர்களோடு சண்டை போடத் தொடங்கினாள். அப்போதுதான் முழுக்கத் தேறிவிட்டாள் என்று நம்பினோம். எலும்புமேல் சதை பிடித்தது. சதை பிடித்து, பழைய அளவுக்கு வந்து, அங்கே நிற்காமல் மேலே போனது. கன்னம் உருண்டது. தன் சட்டைகளின் தையலைப் பிரித்து அகலமாக்கிக்கொண்டாள். அது என் ஆட்களின் வேலையா, பட்டினி கிடந்த உடம்பு தன் பாக்கியை வசூலிக்கிறதா என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. பயறும் கீரையும்தான் சாப்பிடுகிறாள். ரொட்டியில் வெண்ணெயைப் பேருக்குத் தடவுகிறாள். மாப்பிள்ளை மட்டும் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலை. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஈர்க்குச்சி மேசையில் ரொட்டியை வெட்டிக்கொண்டு, "வெண்ணெய் எங்கம்மா?" என்றாள்.

அம்மா மேலே பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். டப்பா அலமாரிக்கு மேலே இருந்தது.

"அது ஏன் அங்க?"

"பின்ன?" என்றாள் அம்மா. "கண்ணாடியில பார்த்தியா உன்னை? வரவர உன் அக்கா மாதிரியே ஒளிச்சுத் திங்க ஆரம்பிச்சுட்ட."

"நான் திங்கலம்மா."

"பின்ன, காத்து வந்து தின்னுச்சா? உன் உடம்பே சொல்லுதே!"

என் முதுகு தானாகவே ஒருமுறை கூசியது. ஈர்க்குச்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப நான் திங்கலம்மா. அப்பதான் தின்னேன்."

"எப்ப?"

"சின்ன வயசுல. ஸ்டூல் போட்டு ஏறி, விரலால வழிச்சு. தினமும். எனக்கு ஒட்டவே இல்ல, அதனால என்னை யாரும் கேட்கல. அவ தின்னதே இல்லம்மா. ஒருநாள் கூட. அவ அடி வாங்கும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால நின்னு விரலை நக்கிட்டு இருந்தேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். சுவரைப் பார்த்து அவள் எதற்காக அழுதாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் என் விரல்களைப் பார்த்தேன். தூக்கத்தில் எங்கும் எழுந்து போகாத விரல்கள். கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது. ஆனால் அதற்கு முன்னால், சுமையைக் கீழே இறக்கி வைத்த ஒரு பெரிய களைப்பு வந்தது. இத்தனை வருடம் தூங்கிய தூக்கத்தையெல்லாம் யாரோ என்னிடம் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி சொல்லல?"

"சொன்னேனேம்மா," என்றேன். "தினமும் சொன்னேன்."

அம்மா எழுந்தாள். முட்டிவலியோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறப்போனாள். நான் அவளை உட்காரவைத்துவிட்டு, கையை நீட்டி டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். அம்மா ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவினாள். அதை ஈர்க்குச்சிக்குக் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கினேன். பாதியாகப் பிய்த்து ஒன்றைத் தங்கை பக்கம் தள்ளினேன். மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம். எனக்கு நினைவு தெரிந்து, நான் யாருக்கும் பயப்படாமல் வெண்ணெய் தின்றது அன்றுதான்.